அக்ரி சாரின் மகள்

மே 16

இலக்கியாவுக்குப் பத்தாம் வகுப்பில் 438. பிரேமா கேசரி கிளறினாள். எதிர்வீட்டு வங்கிக்காரர் மகனுக்கு 480 என்று தெரிந்ததும் அந்த வீட்டுக்கு எடுத்து வைத்திருந்த கிண்ணம் திரும்ப அடுப்படிக்கே போய்விட்டது.

சாப்பிடும்போது இலக்கியா, "அப்பா, நான் உங்க ஸ்கூலுக்கே வந்துர்றேன். அக்ரி குரூப் எடுத்துக்கறேன்" என்றாள்.

நான் சிரித்தேன். நல்ல நகைச்சுவைக்குச் சிரிப்பது போல வாய்விட்டே சிரித்தேன். பிரேமா சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தாள். இலக்கியா கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள். கேசரியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

மே 20

தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். "செல்லமுத்து சார், போன வருசம் உங்க குரூப்ல பதினொரு பேரு. இந்த வருசம் பதினைஞ்சு பேராவது வரணும். இல்லேன்னா வேளாண் பிரிவையே மூடிட்டு உங்களை வேற ஊருக்கு மாத்திருவாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பதினெட்டு வருடமாக இந்த மேல்நிலைப் பள்ளியில் வேளாண் தொழிற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். கணக்கு வாத்தியாரோ இயற்பியல் வாத்தியாரோ பிள்ளை பிடிக்கத் தெருத்தெருவாகப் போனதாக யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். எனக்கு மட்டும் ஒவ்வொரு வருடமும் இந்தத் திருவிழா. மதிப்பெண் குறைந்தவர்களின் பட்டியலை எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். மற்ற குரூப்புகள் தள்ளியதை எடுத்துக்கொள்வதுதான் நமக்கு விதித்தது.

மே 24

வண்டியை எடுத்துக்கொண்டு காலையிலிருந்து சுற்றினேன். ஐந்து வீடுகள். நாய் துரத்தியது இரண்டு இடத்தில்.

என் பேச்சு எனக்கே மனப்பாடம். "மண்ணைப் படிச்சவன் மண்ணைக் கவ்வ மாட்டான்" என்று ஆரம்பிப்பேன். சொந்தமாக நாற்றங்கால் போடலாம், காளான் வளர்க்கலாம், வேளாண் கல்லூரியிலும் இந்தக் குரூப்புக்கு இடம் உண்டு என்பேன். இடம் உண்டுதான். எத்தனை என்று யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் வெற்றிலையை மென்றுகொண்டே முழுப் பேச்சையும் கேட்டார். கடைசியில், "உங்க வீட்டுப் புள்ளைக என்ன சார் படிக்குது?" என்றார்.

"இப்பத்தான் பத்து முடிச்சிருக்கா" என்றேன். பொய்யில்லை. அவரும் மேலே கேட்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள் என எனக்கு நானே சொல்லிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

மே 28

இலக்கியாவை டவுனில் தனியார் பள்ளியில் சேர்த்தாயிற்று. உயிரியல் குரூப், கூடவே நீட் பயிற்சி. பிரேமாதான் பிடிவாதமாக இருந்தாள். பெண்ணைப் பெற்றவள், அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

பள்ளி முதல்வர் முதலில் நிற்க வைத்தே பேசினார். என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன். உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அரசாங்க உத்தியோகத்துக்கு இன்னும் மரியாதை இருக்கத்தான் செய்கிறது. இலக்கியா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே குரோட்டன்ஸ் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டுக்கு அளவு எடுத்தார்கள். இந்த வெயிலில் கோட்டு!

திரும்பி வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்து, "அந்தத் தொட்டிக்கெல்லாம் தண்ணி போகக் கீழ ஓட்டையே போடலப்பா" என்றாள்.

ஜூன் 2

பதினான்கு பேர் தேறிவிட்டார்கள். பட்டியல் தீர்ந்துவிட்டதால் பதினைந்தாவது ஆளுக்காக விசாரித்துக் கரட்டுப்பட்டிக்குப் போனேன்.

பெண் பெயர் நாகஜோதி. 421 மதிப்பெண். என் பட்டியலில் வரவேண்டிய பெண்ணே இல்லை. அம்மா முருகேஸ்வரி, காய்கறி மார்க்கெட்டில் தக்காளி தரம் பிரிக்கிற வேலை. அப்பா இல்லை. தகரம் போட்ட வீடு. நான் போனபோது முருகேஸ்வரி அப்போதுதான் மார்க்கெட்டிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். வாத்தியார் என்றதும் ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு நாற்காலியைத் தேடி ஓடினார். பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வந்தது.

பேச்சை முழுதாகப் பேசினேன். அவர் மசியவில்லை.

"இல்ல சார். சயின்சு குரூப்பு எடுத்தா நர்சு கிர்சுன்னு போயிரலாம்னு மார்க்கெட்டுல சொல்றாங்க. நாந்தான் வெயில்ல கெடந்து சாகறேன். எம்புள்ள நெழல்ல உக்காரட்டும்."

கதவுக்குப் பின்னாலிருந்து நாகஜோதி, "எனக்குச் செடி கொடின்னா புடிக்கும் சார்" என்றாள். "நீ சும்மா இருடி" என்று அம்மா அதட்டினார். நான் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்திருக்கப் போனேன். எழுந்திருந்திருக்கலாம்.

"உங்களுக்குப் புள்ளைங்க இருக்காங்களா சார்?"

"ஒரே பொண்ணும்மா. அவளும் இந்த வருசந்தான் பத்து முடிச்சா."

"அவளை எதுல சேக்கறீங்க?"

"இதுலதாம்மா. என்னோட கிளாஸ்லயே."

யோசித்துச் சொல்லவில்லை. பதினான்கு என்ற எண் வாயில் உட்கார்ந்துகொண்டு பேசியது என்றுதான் சொல்லவேண்டும். முருகேஸ்வரியின் முகம் மாறிவிட்டது.

"அப்பச் சரி சார். பெத்த புள்ளைக்குக் கெட்டதாச் செய்வீங்க? சேத்துக்கங்க."

நாகஜோதி வெளியே வந்து, "அவ பேரு என்ன சார்?" என்று கேட்டாள். சொன்னேன்.

ஜூன் 3

தூக்கமில்லை. புழுக்கம் அதிகம்.

ஜூன் 12

பள்ளி திறந்தது. பதினைந்து பேர். தலைமையாசிரியை எல்லோர் முன்னாலும், "செல்லமுத்து சார் சாதிச்சிட்டார்" என்றார். கணக்கு வாத்தியார் கைகொடுத்தார். நான் எல்லோருக்கும் மிக்சர் வாங்கிக் கொடுத்தேன்.

வகுப்பு முடிந்ததும் நாகஜோதி பக்கத்தில் வந்தாள். "சார், இலக்கியா வரல? எம்பக்கத்துல எடம் போட்டு வெச்சிருக்கேன்."

"அடுத்த வாரம் வருவா."

ஜூன் 19

இன்றைக்குச் செய்முறை. குழித்தட்டில் கத்தரி விதை போட்டோம். ஆளுக்கு ஒரு தட்டு. தென்னை நார்க் கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை வைத்து, அட்டையில் பெயர் எழுதிச் செருக வேண்டும். நாற்று வளர்ந்ததும் அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். பையன்கள் பெயரோடு இதயமும் அம்பும் வரைந்து வைத்திருந்தார்கள். அழிக்கச் சொன்னேன்.

நாகஜோதி மறுபடி கேட்டாள். எங்கள் அலுவலக உதவியாளருக்குப் போன வாரம் டைபாய்டு வந்திருந்தது. அதுதான் வாயில் வந்தது. "டைபாய்டும்மா. டாக்டர் ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்கார்."

"ஐயய்யோ. அப்ப அவ தட்டு?"

மீதி ஒரு தட்டு இருந்தது. பதினைந்து பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நானே விதை போட்டு, நானே அட்டையில் எழுதிச் செருகினேன்: செ. இலக்கியா. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டுமாம். என் பொய்க்கு இப்போது தினமும் தண்ணீர் வேறு ஊற்றவேண்டும்.

ஜூன் 22

மைத்துனன் வீட்டு விசேஷம். யாரோ ஒருவரிடம் என்னை, "இவர் ஸ்கூல்ல வாத்தியார், தோட்ட வேலை சொல்லிக்குடுக்கறார்" என்று அறிமுகம் செய்தான். சிரித்துக்கொண்டேன். வடை நன்றாக இருந்தது, இரண்டாவது கேட்கவில்லை.

"பொண்ணு என்ன படிக்குது?" என்றார் அந்த ஆள். பள்ளியின் பெயரைச் சொன்னேன். "அடேயப்பா" என்றார். அந்த அடேயப்பாவுக்காகத்தானோ என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். அப்படியெல்லாம் இல்லை.

ஜூலை 1

மற்ற தட்டுகளெல்லாம் பச்சையாக நிமிர்ந்து நிற்கின்றன. இலக்கியா தட்டில் மட்டும் நாற்றுகள் அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிட்டன.

நாற்றழுகல். தண்ணீர் அதிகமானால் வரும். இந்தப் பாடத்தைப் பதினெட்டு வருடமாக நடத்துகிறேன். "நாத்துக்குத் தாகத்துக்குத்தான் ஊத்தணும், பாசத்துக்கு ஊத்தக் கூடாது" என்று வருடந்தோறும் சொல்வேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். நானோ காலையில் வந்ததும் ஒரு முறை, மதியம் ஒரு முறை, கிளம்பும்போது ஒரு முறை என்று அந்தத் தட்டுக்கே ஊற்றியிருக்கிறேன். எதற்கு என்று கேட்டால் பதில் தெரியாது. கை அதுபாட்டுக்குப் போனது.

"சார், உங்க பொண்ணு தட்டுலதான் சார் போச்சு" என்று ஒரு பையன் சொல்ல, மற்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்தேன்.

சாயங்காலம் கொட்டிவிடலாம் என்று போனபோது தட்டில் பாதி நிறைந்திருந்தது. நாகஜோதி தன் தட்டிலிருந்து பாதி நாற்றை வேரோடு எடுத்து அதில் மாற்றி வைத்திருக்கிறாள். கையெல்லாம் நார்க் கழிவு.

"அவ வந்து பாத்தா மனசு சங்கடப்படும் சார். எனக்குப் பாதி போதும்."

"சரி" என்றேன். வெட்கமாக இருந்தது. பிள்ளைகள் எல்லோரும் போனபிறகும் வெகுநேரம் வண்டியை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.

ஜூலை 6

வேளாண் பாடப் புத்தகத்தைக் காணோம் என்று பை முழுக்கத் தேடினேன். இலக்கியாவின் மேஜையில் வேதியியல் புத்தகத்துக்கு அடியில் இருந்தது. மண் வகைகள் பாடத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறாள். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிரேமாவிடம், "நீ பிடிவாதம் பிடிச்சதாலதான் அங்க சேத்தோம்" என்றேன்.

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "நானா? 'எங்கிட்டயே படிச்சா ஊர் என்ன சொல்லும், அக்ரி வாத்தியார் புள்ளைக்கு வேற குரூப் கெடைக்கலன்னு சொல்ல மாட்டாங்களா'ன்னது யாரு? நான் அவ இஷ்டம்னுதானே சொன்னேன்."

பிரேமாவுக்கு எப்போதும் ஞாபகம் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கும்.

ஜூலை 10

நாகஜோதி தினமும் இரண்டு தட்டுக்கும் தண்ணீர் ஊற்றுகிறாள். அளவாக ஊற்றுகிறாள். வகுப்பில் அவள்தான் கெட்டிக்காரி. கேள்வி கேட்டால் முதலில் எழுந்து நிற்பது அவள்தான். சயின்ஸ் குரூப்பிலும் அப்படித்தான் நின்றிருப்பாள் என்ற நினைப்பு வராமல் இல்லை.

அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "நல்லாருக்காங்க சார். இலக்கியாவுக்குச் சீக்கிரம் கொணமாகணும்னு மாரியம்மனுக்கு வேண்டிருக்காங்க" என்றாள்.

ஜூலை 13

ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பிரேமா கடைக்குப் போயிருந்தாள். கதவைத் தட்டும் சத்தம். இலக்கியா போய்த் திறந்தாள்.

"அக்ரி சார் வீடு இதுதானே பாப்பா? மார்க்கெட்டுல வழி கேட்டு வந்தேன்."

அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்ததும் கையிலிருந்த பேப்பர் தானாக மடங்கியது. முருகேஸ்வரி. ஒரு கையில் தக்காளிப் பை, இன்னொரு கையில் துணியில் முடிந்த திருநீறு.

"நீதான் இலக்கியாவா? நான் நாகஜோதியோட அம்மா. உங்கூடப் படிக்கறாளே, அக்ரி குரூப்புல. ஒடம்பு தேவலையா சாமி?"

இலக்கியா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் நாற்காலியில் இருந்தபடியே அவளைப் பார்த்தேன். தலையாட்டவில்லை, கண் காட்டவில்லை, ஒன்றும் செய்யவில்லை. செய்யத் தோன்றவில்லை. என் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும்.

"இப்பத் தேவலைம்மா" என்றாள். குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள், காய்ச்சலில் கிடந்து எழுந்தவளைப் போல. "உள்ள வாங்க."

முருகேஸ்வரி அவள் நெற்றியில் திருநீறு பூசினார். கன்னத்தைத் தடவிப் பார்த்து, "எளச்சுப் போயிட்ட" என்றார். இலக்கியா இளைக்கவே இல்லை. போன மாதத்தைவிடக் கொஞ்சம் பூசினாற்போலத்தான் இருக்கிறாள். பிறகு தட்டுச் சமாச்சாரம் வந்தது. நாற்று அழுகியது, நாகஜோதி பாதி எடுத்து வைத்தது எல்லாவற்றையும் சொன்னார். இலக்கியா கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.

"எனக்கும் அந்தக் கிளாஸுக்குப் போகணும்னுதாம்மா ஆசை" என்றாள். அவள் இன்றைக்குச் சொன்னதில் அது ஒன்றுதான் பொய்யில்லை.

போகும்போது முருகேஸ்வரி வாசல் கொடியைப் பார்த்தார். மெரூன் கோட்டு காய்ந்துகொண்டிருந்தது. நெஞ்சுப் பக்கத்தில் பள்ளியின் முத்திரை.

"இது யாரோடது?"

"பெரியம்மா பொண்ணோடதும்மா. லீவுக்கு வந்திருக்கா."

ஜூலையில் என்ன லீவு! முருகேஸ்வரி துணியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "நல்ல துணி" என்றார். என்னைப் பார்த்து, "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"இலக்கியா" என்றேன்.

"விடுங்கப்பா. அந்த ஸ்கூல்ல சேக்கும்போது நீங்க வேளாண்மை அதிகாரின்னு சொன்னீங்க. அப்பயும் நான் ஒண்ணும் சொல்லலையே. அது மாதிரிதான் இதுவும்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சமாதானப்படுத்துவது போலச் சொன்னாள். தக்காளிப் பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

எனக்காகப் பொய் சொல்ல என் மகள் இவ்வளவு நன்றாகக் கற்றிருக்கிறாள். இந்தப் பாடத்துக்கு வாத்தியார் நான்தான்.

ஜூலை 14

பள்ளிக்குப் போகும் முன்னால் மார்க்கெட்டுக்குப் போனேன். முருகேஸ்வரி தக்காளிக் குவியலுக்கு முன்னால் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். கை அதுபாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. பழுத்தது ஒரு பெட்டி, செங்காய் ஒரு பெட்டி, அடிபட்டது ஒரு கூடை. நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். பேண்டில் தக்காளிச் சாறு பட்டது.

"அம்மா, என் பொண்ணு என் கிளாஸ்ல படிக்கல. டைபாய்டும் இல்ல. டவுன்ல வேற ஸ்கூல்ல படிக்கறா. உங்ககிட்ட நான் பொய் சொன்னேன்."

"தெரியும் சார். அந்தக் கோட்டு போட்ட புள்ளைங்க தெனமும் மார்க்கெட்டு வழியாத்தான் பஸ்ஸுல போகுது."

"இன்னும் குரூப் மாத்தலாம்மா. இந்த மாசம் முடியறவரைக்கும் மாத்தலாம். அக்ரி காலேஜுல இந்தக் குரூப்புக்கு எடம் உண்டுன்னு சொன்னேன்ல, அது கொஞ்சந்தாம்மா. நாகஜோதி சயின்ஸ் குரூப்லயும் நல்லாப் படிப்பா. நானே எச்செம்கிட்டப் பேசறேன்."

அவர் ஒரு தக்காளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கூடையில் போட்டார்.

"நேத்தே கேட்டேன் சார் அவளை. மாட்டேங்கறா. ராத்திரி நார்க் கழிவு, மண்ணுன்னு என் உயிரை வாங்கறா. புடிச்சுப் படிக்கறா, படிக்கட்டும். எங்க உக்காந்தாலும் அவ பொழச்சுக்குவா. நீங்க சொல்லிக்குடுக்கறதை மட்டும் ஒழுங்காச் சொல்லிக்குடுங்க."

தலையாட்டினேன். நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. பதினைந்து பதினைந்தாகவே இருக்கும் என்ற கணக்கும் கூடவே மனதில் ஓடியது. அதையும் எழுதத்தான் வேண்டும். எழுந்து நின்று பேண்டைத் தட்டினேன்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன் சார், கோவிச்சுக்காதீங்க" என்றார். "நல்ல படிப்பா இல்லையா, அது?"

"நல்ல படிப்புதாம்மா."

"நல்லாத்தான் சொல்லியும் குடுக்கறீங்கன்னு எம்புள்ள சொல்றா. உங்க பொண்ணும் ஆசைப்படறா, நேத்து மொகத்தைப் பாத்தேன். அப்புறம் ஏஞ் சார் சேக்கல?" கை முதல் தடவையாக நின்றது. "எங்க புள்ளைங்களோட ஒண்ணா உக்கார வேணாம்னா?"

சுற்றிலும் நான்கைந்து பெண்கள் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் தலை நிமிரவில்லை. யாருக்கும் காது கேட்காமலும் இல்லை.

"சேச்சே, அப்படியெல்லாம் இல்லம்மா" என்றேன்.

உண்மையைச் சொல்லப் போன இடத்தில் நான் கடைசியாகச் சொன்னது அதுதான்.